கேள்வி–பதில்: ஃபேன் கிளட்ச்சைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போடலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரேடியேட்டர் ஃபேனைப் பற்றியே இருந்தன. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஃபேன் கிளட்ச் என்பது இன்ஜினோடு சுற்றும் ரேடியேட்டர் ஃபேனை, சூட்டுக்கேற்பப் பிடித்தும் வழுக்கவிட்டும் ஓட்டும் பாகம். இன்ஜின் சூடேறி ஹெட் வளைந்து நிற்கும் வண்டிகள் என் பட்டறைக்கு வரும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். அவற்றில் பல, ஃபேன் வேலையை அரைகுறையாகச் செய்ததால் வந்தவை.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய டீசல் ஜீப். நெரிசலில் கொஞ்ச நேரம் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஓட ஆரம்பித்ததும் இறங்கிவிடுகிறது. ஃபேன் கிளட்ச் போய்விட்டது, அதை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டு என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மணிக்கு 50, 60 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் எதிர்க்காற்றே பெரும்பாலும் ரேடியேட்டருக்குப் போதும். நிற்கும்போது காற்றை இழுக்க ஃபேனை விட்டால் வேறு வழி கிடையாது. அதனால் சந்தேகம் ஃபேன் பக்கம் போவது சரிதான். வேகமாகப் போகும்போது மட்டும் சூடேறுகிறது என்று எழுதியிருந்தால், ரேடியேட்டர் அடைப்பையும், சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டையும், வாட்டர் பம்பையும் முதலில் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் கிளட்ச் போய்விட்டது என்று உங்கள் நண்பர் எதை வைத்துச் சொன்னார்? அந்தக் கிளட்ச்சுக்குள் கெட்டியான சிலிகோன் ஆயில் இருக்கிறது. முன்பக்கம் நடுவில் சுருள் மாதிரி ஒரு தகடு தெரியும். இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் செய்தது அது. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடாக இருந்தால் சுருள் திரும்பி உள்ளே வால்வைத் திறக்கும். ஆயில் வேலை செய்யும் அறைக்குள் பாயும், ஃபேன் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுற்றும். காற்று ஆறியதும் ஆயில் பின்வாங்கும், ஃபேன் வழுக்கிக்கொண்டு மெதுவாக ஓடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்ச நேரம் ஃபேன் இரைந்துவிட்டு அடங்குவதும் இதனால்தான். இரவெல்லாம் நின்றதில் ஆயில் அந்த அறைக்குள் வடிந்திருக்கும். அது கோளாறு இல்லை.

சோதிப்பது சுலபம். வண்டியை நன்றாகச் சூடேற ஓட்டிவந்து நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிட்டு ஃபேன் இறக்கையைக் கையால் ஒரு சுண்டு சுண்டுங்கள். கெட்டி எண்ணெயில் கரண்டியைச் சுழற்றுவது போல இழுவை தெரிந்தால் கிளட்ச்சில் உயிர் இருக்கிறது. தடையே இல்லாமல் இரண்டு மூன்று சுற்று தானாகப் போனால் ஆயில் வற்றிவிட்டது. கிளட்ச்சின் பேரிங்கைச் சுற்றித் தூசி எண்ணெயில் ஊறி, கருப்பாக வளையம் கட்டியிருந்தாலும் அதே கதைதான். இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போகிறது. அந்தச் சுருள்மேல் சேறு காய்ந்து அப்பியிருந்தாலும் அதற்குச் சூடு தெரியாது. துடைத்துவிட்டாலே சரியான வண்டிகள் உண்டு.

கிளட்ச்தான் போயிருக்கிறது என்றால், அதே வகைப் புதிய கிளட்ச் வாங்கிப் போடுவதுதான் உங்கள் வண்டிக்கு என் முதல் யோசனை. அது கிடைக்கவில்லை, அல்லது தண்ணீர், சேற்றில் இறங்க வேண்டிய தேவை இருக்கிறது என்றால் எலெக்ட்ரிக் பக்கம் வாருங்கள். ஆழமான தண்ணீரில் இறங்கும்போது இன்ஜினோடு ஓடும் ஃபேனின் இறக்கை முன்பக்கம் வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடும். எலெக்ட்ரிக் ஃபேனை ஒரு சுவிட்ச் வைத்து நிறுத்திவிட்டு இறங்கலாம். இது நிஜமான வசதி.

கழற்றும்போது இரண்டைக் கவனியுங்கள். கிளட்ச்சை வாட்டர் பம்பில் பிடித்திருக்கும் பெரிய நட் பல வண்டிகளில் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்புவது. எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்துகொண்டு ஸ்பேனரைப் போடுங்கள், இல்லாவிட்டால் பம்ப் ஷாஃப்ட் பாழாகும். வேறு சில வண்டிகளில் ஃபேனையும் புல்லியையும் ஒரே போல்ட்டுகள் பிடித்திருக்கும். ஃபேனை எடுத்துவிட்டுப் பழைய போல்ட்டையே முடுக்கினால், நீளம் அதிகமாக இருப்பதால் அடியில் போய் முட்டி நிற்கும். முடுக்கிய மாதிரி கைக்குத் தெரியும், புல்லி மட்டும் பிடிக்காது. குட்டை போல்ட் போடுங்கள், அல்லது ஃபேனின் தடிமனுக்கு ஒரு வளையம் கொடுங்கள். கழற்றிய கிளட்ச்சைப் படுக்க வைக்காமல், வண்டியில் இருந்த நிலையிலேயே நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: 16 அங்குல எலெக்ட்ரிக் ஃபேன் வாங்கிவிட்டேன். பழைய ஹாரன் வயர் சும்மா இருக்கிறது, அதிலிருந்தே கரன்ட் எடுக்கலாமா? ஆல்டர்னேட்டர் 65 ஆம்பியர்.

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இந்த மாற்றத்தில் ஃபேனை மாட்டுவது சின்ன வேலை. கரன்ட் கொடுப்பதுதான் பெரிய வேலை. நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே இதைச் சொல்லத்தான்.

அந்த அளவு ஃபேன் ஓடும்போது சுமார் 25 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நொடியில் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். இன்ஜினால் சுற்றிக் கரன்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரில் எழுதியிருக்கும் 65 என்பது அது வேகமாகச் சுற்றும்போது கொடுப்பது. ஐட்லிங்கில் அதில் பாதி வந்தாலே பெரிது. ஃபேன் முழு மூச்சில் ஓட வேண்டியது எப்போது? வண்டி நெரிசலில் நிற்கும்போது, அதாவது ஆல்டர்னேட்டர் மிகக் குறைவாகக் கொடுக்கும் நேரத்தில். இரவு மழையில் நிற்கிறீர்கள் என்று கணக்குப் போடுவோம். இரண்டு ஹெட்லைட்டுக்கு 9 ஆம்பியர், ஏசி புளோவருக்குப் பத்துக்கு மேல், வைப்பருக்கு 4, ஏசி கம்ப்ரஸர் கிளட்ச்சுக்கு 3 அல்லது 4. இதிலேயே ஆல்டர்னேட்டர் கொடுப்பது ஏறக்குறைய தீர்ந்துவிடும். மேலே ஃபேனின் 25-ஐ பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஊர்ந்தால் பேட்டரி இறங்கும், வோல்டேஜ் இறங்கும், அதோடு ஃபேன் வேகமும் இறங்கும், முள் ஏறும். உங்கள் வண்டியில் ஏசி இருந்தால் ஆல்டர்னேட்டரைப் பெரியதாக மாற்றாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். வாங்கும்போது ஐட்லிங்கில் எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

வயர் விஷயம். பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுங்கள். எர்த்துக்கும் அதே தடிமன். போக வர நான்கு மீட்டர் என்றால், 25 ஆம்பியரில் 0.3 வோல்ட்தான் வழியில் தொலையும். அதே நீளத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் 1.2 வோல்ட் வயரைச் சூடாக்குவதில் போய்விடும். வயர் இளகும், ஃபேனும் சோம்பும். 40 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை பேட்டரிக்கு ஒட்டினாற்போல, ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். ஃபியூஸ் ஃபேன் பக்கத்தில் இருந்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது.

நடுவில் 40 ஆம்பியர் ரிலே. சின்ன கரன்டால் பெரிய கரன்டை இயக்கும் சுவிட்ச் அது, முனைகளில் எண் போட்டிருக்கும். 30-ஆம் முனைக்கு ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87-லிருந்து ஃபேன். 86-க்கு இக்னிஷன் கரன்ட். 85-ஐ டெம்பரேச்சர் சுவிட்ச் வழியாக எர்த்துக்கு விடுங்கள். சுவிட்ச்சில் ரிலே காயிலின் சின்ன கரன்ட் மட்டும் ஓடும். எல்லாம் முடிந்ததும் ஃபேனை ஓடவிட்டு, மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் ஃபேன் கனெக்டரிலேயே வைத்துப் பாருங்கள். பேட்டரியில் காட்டுவதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எங்கோ கிரிம்ப் (வயர் முனையை அழுத்திப் பிடித்த இணைப்பு) சரியில்லை. பெரும்பாலும் எர்த் பக்கம்தான், பெயின்டைச் சுரண்டாமல் முடுக்கியிருப்பார்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் ஃபேன் போட்டால் மைலேஜ் கூடும், பிக்கப் கூடும் என்கிறார்களே?

பதில்: கிளட்ச் ஜாம் ஆகி எப்போதும் பிடித்தபடி ஓடும் வண்டியில் நன்றாகத் தெரியும். ஃபேனின் வேகம் இரட்டிப்பானால் அதைச் சுற்றத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். அதிக ஆர்பிஎம்மில் அது இன்ஜினிடமிருந்து பல குதிரைத்திறனைப் பிடுங்கும். ஒழுங்காக வேலை செய்யும் கிளட்ச் என்றால், அது தேவையில்லாத நேரத்தில் ஏற்கெனவே வழுக்கிக்கொண்டுதான் இருக்கிறது, லாபம் கொஞ்சம்தான். எலெக்ட்ரிக் ஃபேனும் இலவசமில்லை. 25 ஆம்பியர் என்பது ஏறக்குறைய 340 வாட். ஆல்டர்னேட்டரின் இழப்பையும் சேர்த்தால் இன்ஜின் சுமார் 600 வாட் கொடுக்க வேண்டும். மைலேஜுக்காக மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்கு என் பதில்: விட்டுவிடுங்கள்.

கேள்வி: போன மாதம் எலெக்ட்ரிக் ஃபேன் மாற்றினேன். நெரிசலில் முள் அசைவதில்லை. ஆனால் இப்போது வேகமாகப் போனால் சூடேறுகிறது. முன்பு இப்படி இல்லை. மாற்றியவர் ரேடியேட்டருக்குப் பின்னால் அலுமினியத் தகடு அடித்து, நடுவில் வட்டம் வெட்டி ஃபேனை வைத்திருக்கிறார்.

பதில்: அந்தத் தகடுதான். அவர் நினைத்தது தப்பில்லை. உதாரணமாக, 24-க்கு 18 அங்குல ரேடியேட்டரின் பரப்பு 432 சதுர அங்குலம். 16 அங்குல ஃபேனின் வட்டம் 201-தான். ஷ்ரவுட் (ரேடியேட்டர் முழுவதையும் மூடி, காற்றை ஃபேனுக்குத் திருப்பும் கூடு) இல்லாவிட்டால் பாதிக்கு மேற்பட்ட இடத்தில் காற்று இழுபடாது. ஆனால் தட்டையான தகட்டைக் கோரோடு (ரேடியேட்டரின் தண்ணீர்க் குழாய்கள் உள்ள நடுப்பகுதி) ஒட்டி வைத்தால் மூலைகளுக்குக் காற்று போக இடமே இல்லை. வேகமாகப் போகும்போது வரும் எதிர்க்காற்றும் அந்தத் தகட்டில் முட்டி, ஃபேன் துவாரம் வழியாக மட்டுமே வெளியேற வேண்டியிருக்கிறது.

தகட்டைக் கோரிலிருந்து ஓர் அங்குலமாவது பின்னுக்குத் தள்ளி, பெட்டி மாதிரி விளிம்பு மடித்துக் கட்டச் சொல்லுங்கள். மூலைகளில் ஜன்னல் வெட்டி, மேல் விளிம்பு மட்டும் பிடித்திருக்கும்படி பின்பக்கம் ரப்பர் மடிப்பு வையுங்கள். ஃபேன் இழுக்கும்போது ரப்பர் மூடிக்கொள்ளும், எதிர்க்காற்று வேகமாக வந்தால் திறந்து வழிவிடும். மோட்டாருக்கும் வாட்டர் பம்ப் புல்லிக்கும் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். லோடில் இன்ஜின் மவுன்ட்டில் ஆடும்.

இன்னொன்று. ஃபேனை ரேடியேட்டர் கோருக்குள் பிளாஸ்டிக் ஊசி நுழைத்து இழுத்துக் கட்டியிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். அதிர்வில் அந்த ஊசி குழாயை உரசும், ஒரு நாள் ஒழுகும். கிட்டோடு வருகிறதே என்று பலர் மாட்டிவிடுகிறார்கள். நான் மாட்டுவதில்லை. ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் பட்டை வைத்து அதில்தான் பிடிக்கிறேன்.

கேள்வி: என் வண்டியில் ஃபேன் ஒருமுறை ஓட ஆரம்பித்தால் நிற்பதே இல்லை. ரிலே மாற்றியும் அப்படியே.

பதில்: டெம்பரேச்சர் சுவிட்ச்சின் எண்ணையும் தெர்மோஸ்டாட்டின் எண்ணையும் ஒப்பிடுங்கள். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறப்பது என்றால், இன்ஜினிலிருந்து வெளியே வரும் தண்ணீர் அதற்குக் கீழே போகாது. ஃபேன் 80-ல் நிற்க வேண்டும் என்று சுவிட்ச் போட்டிருந்தால் அது எப்படி நிற்கும்? 92-ல் ஓடி 87-ல் நிற்கும் சுவிட்ச் பொருந்தும். இது இன்ஜினிலிருந்து வெளிவரும் பக்கம் சுவிட்ச் வைப்பவர்களுக்கான கணக்கு. ரேடியேட்டரின் அடிப்பக்கம் வைத்தால் தண்ணீர் அங்கே ஏற்கெனவே ஆறியிருக்கும், குறைந்த எண் வேண்டும். மரை போட்டுப் பதிக்கும் சுவிட்ச்சே நல்லது. ஹோஸ் ஓரத்தில் செருகும் குழாய் வகையில் ஒழுகாத ஒன்றை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: லோடு ஏற்றி மலைப்பாதையில் போகும் பிக்கப் வண்டி. எனக்கு இது சரிப்படுமா?

பதில்: சரிப்படாது. முழு லோடில், குறைந்த கியரில், நீண்ட ஏற்றம் ஏறும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும், எதிர்க்காற்று இருக்காது. அந்த நேரத்தில் கிளட்ச் ஃபேன் இழுக்கும் காற்றை ஒரு சாதாரண 12 வோல்ட் ஃபேனால் இழுக்க முடியாது. நல்ல கிளட்ச்சும், உடையாத ஷ்ரவுட்டும், சுத்தமான ரேடியேட்டரும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய வகை வண்டியாக இருந்து, கிளட்ச்சுக்கே வயர் போயிருந்தால் அதை இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கட்டுப்படுத்துகிறது. கழற்றினால் எச்சரிக்கை விளக்கும் எரியும்.

கேள்வி: மாற்றிய பிறகு பராமரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எலெக்ட்ரிக் ஃபேன் போட்ட வண்டியில், வயரிங்கைப் பொறுத்து, இன்ஜினை அணைத்த பின்னும் ஃபேன் தானாக ஓட ஆரம்பிக்கலாம். பானெட்டுக்குள் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். வண்டியை வேறு மெக்கானிக்கிடம் விட்டால் இந்த ஃபேன் பிறகு மாட்டியது என்று வாயால் சொல்லிவிடுங்கள். அவர் பழைய வண்டி என்று நினைத்துப் பெல்ட் பக்கம் கை விடக்கூடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிலே சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். 30, 87 முனைகளின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் சாக்கெட்டையே மாற்றுங்கள், ரிலேயை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஃபேன் சத்தம் மாறினாலோ, ஓட ஆரம்பிக்கும்போது ஹெட்லைட் முன்பைவிட அதிகமாக மங்கினாலோ மோட்டாரின் பிரஷ் அல்லது புஷ் தேய்ந்திருக்கலாம். கிளட்ச் ஃபேன் போகும்போது மெல்ல மெல்லப் போகும். மோட்டார் ஒரே நொடியில் நின்றுவிடும். அதனால் டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு வைத்து, அதன் வயரை ஃபேன் கனெக்டரிலிருந்தே எடுங்கள். விளக்கு எரிந்தும் ஃபேன் சத்தம் கேட்கவில்லை என்றால் மோட்டார் நின்றுவிட்டது. முள் ஏறியும் விளக்கு எரியவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். இரண்டில் எது நடந்தாலும் வண்டியை ஓரம்கட்டி இன்ஜினை அணையுங்கள். நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.