சீல் உடையாத கேசட்டுக்கு இவ்வளவு விலை கொடுக்கலாமா?

கேள்வி: காலி கேசட்டுகளைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். சீல் உடையாத டிடிகே எஸ்ஏ 90 (டிடிகே கம்பெனியின் எஸ்ஏ ரகம், 90 நிமிடம்) ஒன்றுக்கு, பிரித்த கேசட்டைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். சீல் இருந்தால் உள்ளே டேப்பும் புதுசாகத்தானே இருக்கும்?

பதில்: இருக்கலாம். ஆனால் அதற்கு சீல் பொறுப்பேற்காது. அந்த மெல்லிய தாள் தூசியைத் தடுக்கும், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தடுக்காது. பரணில் பல வருடம் வெந்த கேசட்டும் சீலோடுதான் உங்கள் கைக்கு வரும்.

பெரும்பாலும் முதலில் கைவிடுவது டேப் அல்ல. சீலைப் பிரித்ததும் கேசட்டின் திறந்த விளிம்பை உங்கள் பக்கம் திருப்பிப் பாருங்கள். நடுவில் மெல்லிய உலோகப் பட்டை, அதன்மேல் சிறுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு கம்பளித் துண்டு தெரியும். டேப்பை ஹெட்டோடு (ரெக்கார்டரில் ஒலியைப் பதிந்து, படிக்கும் பகுதி) அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது கழன்றுவிட்டால் ஒலி மங்கும், விட்டுவிட்டுக் கேட்கும். ஐந்து திருகு போட்ட கேசட் என்றால் திறந்து, இன்னொரு கேசட்டின் துண்டை மாற்றிவிடலாம். ஒட்டி மூடிய கூடு என்றால் உடைத்துத்தான் திறக்க வேண்டும்.

பிரித்த கேசட்டுக்கு மறுபடி உறை சுற்றி விற்பவர்களும் உண்டு. பெரிய கம்பெனிகளின் உறையில் பெரும்பாலும் பிடித்து உரிக்க ஒரு நாடாவும், மடித்து ஒட்டிய ஓரங்களும் இருக்கும். வெறுமனே சூடு காட்டிச் சுருக்கிய பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தால் விற்பவரிடம் நாலு கேள்வி கேளுங்கள்.

சேர்ப்பதற்காக என்றால் விலை உங்கள் ஆசையைப் பொறுத்தது. உலோகச் சட்டம் போட்ட டிடிகே எம்ஏ-ஆர், பீங்கான் கூடு கொண்ட சோனி மெட்டல் மாஸ்டர் மாதிரியானவற்றைப் பிரிக்காமல் அலமாரியில் வைக்கவே வாங்குகிறார்கள், அதில் தப்பில்லை. பதிவதற்கு என்றால் என் பணத்தை சீலுக்குக் கொடுக்க மாட்டேன். ஒரே ஒருமுறை பதிந்து, நன்றாக வைத்திருந்த எஸ்ஏ போதும். டேப்பின் பூச்சைப் பொறுத்து கேசட்டுகளில் நார்மல், குரோம், மெட்டல் என்று வகை உண்டு. 1975-இல் வந்த அந்த எஸ்ஏ-வை எல்லோரும் குரோம் என்றே சொல்வார்கள். உண்மையில் அதில் இருப்பது கோபால்ட் சேர்த்த இரும்பு ஆக்சைடு. அழித்து அழித்துப் பதிந்தாலும் தாங்கும்.

கேள்வி: யாரோ பதிந்திருந்த மெட்டல் கேசட் ஒன்று கிடைத்தது. என் சின்ன ரேடியோ ரெக்கார்டரில் அதன்மேல் பதிந்தேன். ஒலி கரகரவென்று உடைகிறது, பழைய பாட்டும் பின்னால் மெலிதாகக் கேட்கிறது. கேசட் போலியா?

பதில்: கேசட் மேல் பழி போடாதீர்கள். பதியும்போது ஒலியோடு சேர்த்து, காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் மின்னோட்டம் ஒன்றையும் ஹெட்டுக்கு அனுப்புவார்கள். பயாஸ் என்பது அதுதான். நார்மலைவிட குரோமுக்கு அது அதிகம் வேண்டும், மெட்டலுக்கு இன்னும் அதிகம். நார்மலுக்கு மட்டும் செய்த ரெக்கார்டரால் அவ்வளவு கொடுக்க முடியாது. அழிக்கும் ஹெட்டுக்கும் மெட்டலைத் துடைக்கும் வலு இல்லை, அதனால்தான் பழைய பாட்டு மிச்சம் நிற்கிறது. உங்களுக்கு நல்ல நார்மல் கேசட்டே சரி. கேட்க மட்டும் என்றால் மெட்டலும் போடலாம், கொஞ்சம் கூர்மையாக ஒலிக்கும்.

வாங்கும்போது கேசட்டின் முதுகைப் பாருங்கள். இரு மூலையிலும் பதிவைத் தடுக்க உடைக்கும் துண்டுகள் இருக்கும். அதை ஒட்டி இன்னொரு பள்ளம் இருந்தால் குரோம், நடுவிலும் ஒரு ஜோடி பள்ளம் இருந்தால் மெட்டல். தானாக வகை கண்டுபிடிக்கும் டெக்குகள் (ஆம்ப்ளிஃபையரோடு இணைக்கும் கேசட் ரெக்கார்டர்கள்) இந்தப் பள்ளங்களைத்தான் தொட்டுப் பார்க்கின்றன. ஆகவே மறுபடி பதிய, உடைத்த மூலையை செல்லோடேப் ஒட்டி மூடும்போது பக்கத்துப் பள்ளத்தையும் சேர்த்து மூடிவிடாதீர்கள். டெக் அதை நார்மல் என்று எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: 120 நிமிட கேசட் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதே கூட்டுக்குள் அவ்வளவு நீளத்தை அடைக்க டேப்பை மெலிதாக்கியிருப்பார்கள். ரோலரில் சிக்கிச் சுருண்டால் மீட்பது கஷ்டம். 60, மிஞ்சினால் 90.

கேள்வி: பழைய டெக் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். "பவர் வருகிறது, மற்றது சோதிக்கவில்லை" என்கிறார் விற்பவர். வாங்கலாமா, அல்லது புதிதாக வரும் பிளேயரே மேலா?

பதில்: "சோதிக்கவில்லை" என்றால் சோதித்துப் பார்த்து ஓடவில்லை என்றே வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். விளக்கு எரிவதில் ஒன்றுமில்லை. பழைய டெக்கில் பெரும்பாலும் போவது ரப்பர்தான். பெல்ட் தொய்ந்திருக்கும், சில மாடல்களில் தார் மாதிரி உருகிக் கப்பியில் அப்பியிருக்கும். டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை காய்ந்து வழவழப்பாகியிருக்கும். இவை மாற்றக்கூடியவை. தேய்ந்து பள்ளம் விழுந்த ஹெட்டுக்கு மாற்று கிடைப்பது அரிது, அதை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கூடவே, வெட்டாத ஒரு வீடியோவும் கேளுங்கள்: காலி கேசட்டில் புல்லாங்குழல் போல நீண்டு ஒலிக்கும் ஏதாவது ஒன்றைப் பதிந்து, முழுக்க ரீவைண்ட் செய்து, திரும்பப் போட்டுக் காட்ட வேண்டும். வேகம் ஆடினால் நீண்ட ஸ்வரத்தில் உடனே தெரியும். மூன்று ஹெட் உள்ள டெக் என்றால் பதியும்போதே பதிந்ததைக் கேட்கலாம். அந்த வசதிக்குக் கூடுதல் விலை தகும்.

ஜப்பானில் விற்ற மாடல்கள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. பின்பக்கச் சீட்டைப் படிக்காமல் 230 வோல்ட்டில் செருகினால் வாங்கிய அன்றே புகைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

புதிய பிளேயர்கள் கேட்க மட்டும் என்றால் பரவாயில்லை. பலவற்றில் உள்ளே இருப்பது ஒரே எளிய இயந்திரம்தான். டால்பி இரைச்சல் குறைப்பும் இருக்காது, டால்பியில் பதிந்த உங்கள் பழைய கேசட்டுகள் அதில் சீறலாகக் கேட்கும். பதிவதற்கு சர்வீஸ் செய்த பழைய டெக்கையே வாங்குங்கள்.

கேள்வி: தாத்தா பேசிய கேசட் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதைக் கணினிக்கு மாற்றித்தர ஒருவர் கட்டணம் கேட்கிறார். என்ன விசாரிக்க வேண்டும்?

பதில்: முதலில், அதை நீங்கள் எந்தப் பிளேயரிலும் போட்டுப் பார்க்காதீர்கள். பிறகு அவரிடம் கேட்க வேண்டியது, ஹெட்டின் சாய்வை இந்த கேசட்டுக்கு ஏற்றபடி திருப்பி வைப்பாரா என்பது. ஒவ்வொரு ரெக்கார்டரும் சற்றே வேறு சாய்வில் பதிந்திருக்கும். ஹெட்டுக்குப் பக்கத்திலுள்ள சின்னத் திருகை லேசாகத் திருப்பினாலே மங்கிய குரல் தெளிவாகும். இதைக் கேட்டு விழிப்பவரிடம் கொடுக்க வேண்டாம். வேகத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள், அன்றைய ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருந்தால் தாத்தாவின் குரல் இன்று கீச்சென்று கேட்கும். எம்பி3 மட்டும் வாங்காமல் சுருக்காத வேவ் கோப்பும் வாங்குங்கள். முழுத்தொகை கொடுக்கும் முன் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு நிமிட மாதிரி கேட்டுப் பாருங்கள். கேசட்டையும் திரும்ப வாங்கி, மூலைத் துண்டு இரண்டையும் அன்றே உடைத்துவிடுங்கள்.