வேறொருவர் கணக்கிலிருந்து வந்த பணம்

வணக்கம். பயனர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாக விற்று வாங்கும் இணையத்தளத்தில் 250 யூஎஸ்டிடி (அமெரிக்க டொலர் மதிப்பை ஒட்டிய மெய்நிகர் நாணயம்) விற்றபோது, வாங்குபவரின் பெயரில் அல்லாமல் முன்பின் அறியாத ஒரு பெண்மணியின் கணக்கிலிருந்து உங்கள் திருகோணமலைக் கிளைக் கணக்குக்குப் பணம் வந்ததாகவும், "அது என் அக்காவின் கணக்கு, உடனே நாணயத்தை விடுவியுங்கள்" என்று வாங்குபவர் நெருக்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். விடுவிக்க வேண்டாம். கைப்பேசிக்கோ வாடகை வீட்டுக்கோ முற்பணம் கட்டுவதாக நம்பி, மோசடிக்காரர் கொடுத்த உங்கள் கணக்கிலக்கத்துக்கு அந்தப் பெண்மணி பணம் அனுப்பியிருக்கக்கூடும். பொருள் வராமல் அவர் பொலிஸுக்குச் சென்றால், முறைப்பாட்டில் ஏறுவது உங்கள் பெயர், முடக்கப்படுவதும் உங்கள் கணக்கு.

நாணயம் தளத்தின் எஸ்க்ரோவில் (விற்பனை முடியும்வரை தளம் பிடித்துவைக்கும் இடத்தில்) இருக்கும்போதே தளத்திடம் மேன்முறையீடு செய்து, அனுப்பியவரின் பெயர் தெரியும் வங்கிக்கூற்றை இணையுங்கள். உரையாடலைத் தளத்துக்குள்ளேயே வைத்திருங்கள் (வாட்ஸ்அப்புக்கு வரச்சொன்னதே நல்ல சகுனமல்ல). வாங்குபவர் தரும் வேறு கணக்குக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பினால், அந்தப் பெண்மணிக்கு அதே தொகையை நீங்கள் இரண்டாம் முறை கொடுக்க நேரலாம். மெய்நிகர் நாணயங்கள் ஒழுங்குபடுத்தப்படாதவை என்று இலங்கை மத்திய வங்கி 2022இல் எச்சரித்திருப்பதால் கிளையில் கேள்விகள் எழலாம். இருந்தாலும் நடந்ததை மறைக்காமல், பணத்தை வந்த கணக்குக்கே திருப்பும்படி எழுத்தில் கேட்டு, கடிதத்தின் பிரதியில் திகதியுடன் முத்திரை வாங்கி வையுங்கள்.