ரோரிக்கின் பனிமலைகளும் பளபளக்காத வண்ணமும்

கேள்வி: நிக்கோலஸ் ரோரிக் திபெத்துக்குப் போய்த்தான் வரைந்தாரா, கற்பனையா? (வாசகர், திருச்சி)

போனார். ரஷ்ய ஓவியரான ரோரிக் 1923 இறுதியில் இந்தியா வந்து டார்ஜிலிங், சிக்கிம் பக்கம் தங்கினார். 1925இல் தொடங்கிய நெடும்பயணம் லடாக், காரகோரம் கணவாய், அல்தாய், மங்கோலியா வழியாகத் திபெத்துக்குச் சென்று 1928இல் டார்ஜிலிங்கில் முடிந்தது. லாசாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1927-28 குளிர்காலத்தில் ஏறக்குறைய ஐந்து மாதம் அவரும் குழுவினரும் திபெத்தின் சாங்தாங் பீடபூமியில் கோடைக்கால கூடாரங்களில் முடக்கப்பட்டார்கள். சுமை விலங்குகளில் பெரும்பாலானவை செத்தன. மலைகள் கண்ணால் கண்டவை. அவர் படத்தில் மேகத்தில் குதிரையேறி வரும் மைத்ரேயர் (இனி வரவிருக்கும் புத்தர்) மட்டும் நம்பிக்கையிலிருந்து வந்தவர்.

கேள்வி: அவர் பாணியில் எண்ணெய் வண்ணத்தில் முயன்றேன். தொலைவு மலைகள் மங்கி, பனி சாம்பலாகத் தெரிகிறது. என்ன தவறு? (வாசகர், கோவை)

இரண்டு தவறுகள். ஒன்று பொருள். ரோரிக் எண்ணெயை விட்டு டெம்பராவுக்கு (வண்ணத்தூளை முட்டைக்கருவிலோ பசையிலோ கலந்து தீட்டுவது) மாறியவர். எண்ணெய்ப்பரப்பு மினுங்கும், நாளாக ஆக மஞ்சளாகும். டெம்பரா பளபளப்பில்லாமல் காய்வதால் நீலம் நீலமாகவே நிற்கும். வரைந்த பிறகு ஆசைப்பட்டு வார்னிஷ் பூசினால் அந்தக் குணம் போய்விடும்.

இன்னொன்று, சமவெளி விதியை மலைக்குப் பொருத்தியது. தொலைவிலுள்ளதை மங்கலாக்கு என்று பள்ளியில் சொல்லித்தருவது ஈரக்காற்றுள்ள நம் ஊருக்குச் சரி. 4,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்து வறண்டிருக்கும். எங்கோ இருக்கும் சிகரத்தின் விளிம்பும் கத்தி போலத் தெரியும். விளிம்பைக் கூர்மையாக விடுங்கள். மங்கலை பள்ளத்தாக்கின் மூடுபனிப் பட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வானம் அடிவானத்தில் வெளிறி, மேலே போகப் போக ஆழ்நீலமாக வேண்டும். பனி நிழலுக்குக் கறுப்பு சேர்த்ததால்தான் உங்களுக்குச் சாம்பலானது. அல்ட்ராமரின் நீலமும் துளி ஊதாவும் போதும். வெயில் படும் பக்கத்திலும் வெறும் வெள்ளை வேண்டாம், துளி மஞ்சள் காவி கலந்தால் நிழலின் நீலம் தானே எழும்பும்.

டெம்பரா நொடிகளில் காய்வதால் தாளில் குழைக்க முடியாது. வானத்துக்கு ஐந்தாறு படிநிலை நீலங்களை முன்கூட்டியே கிண்ணங்களில் கலந்து வையுங்கள். அளவு 12க்கு 18 அங்குலம் போதும். அவருடைய இமயமலைப் படங்கள் பல அந்த அளவில் அட்டையில் வரைந்தவைதான்.

கேள்வி: முட்டை டெம்பராவை வீட்டில் செய்வது எப்படி? எனக்கு உரிந்து வருகிறது. (வாசகர், மதுரை)

மஞ்சள் கருவை உள்ளங்கையில் மாற்றி மாற்றி உருட்டி வெள்ளையை நீக்குங்கள். தோலை விரலால் பிடித்துத் தூக்கி, கீழே குத்தி, சாற்றை மட்டும் எடுங்கள். அதே அளவு தண்ணீர் சேருங்கள். வண்ணத்தூளைத் தண்ணீரில் விழுதாக அரைத்து, விழுதும் கருக்கலவையும் சம அளவில் கலக்க வேண்டும். கெடாமலிருக்க வினிகர் விடச் சொல்வார்கள். அல்ட்ராமரின் அமிலத்தில் நிறமிழக்கும் என்பதால், இவ்வளவு நீலம் வேண்டிய வேலைக்கு நான் சொல்லமாட்டேன். சித்திரை வெயிலில் கலவை மாலைக்குள் நாறிவிடும். தினமும் புதிதாகச் செய்யுங்கள்.

ஒரு கோடு கண்ணாடியில் தீட்டிக் காயவிட்டு பிளேடால் சுரண்டுங்கள். நாடாவாகச் சுருண்டு வந்தால் அளவு சரி. தூளாக உதிர்ந்தால் கரு போதாது; ஈரமாக மினுங்கினால் அதிகம்.

உரிவதற்குப் பெரும்பாலும் அடித்தளம்தான் காரணம். கடையில் விற்கும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) டெம்பராவை உறிஞ்சாது. அடிப்பூச்சை நீங்களே செய்யுங்கள். தோல்பசை (விலங்குத் தோலிலிருந்து எடுப்பது) 1 பங்கு, தண்ணீர் 12 பங்கு. இரவு ஊறவைத்து, மறுநாள் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். கொதித்தால் பசை வலுவிழக்கும். அதில் சாக்பவுடரைக் கரைத்து 6 முதல் 8 பூச்சு, ஒருமுறை நெடுக்காக, மறுமுறை குறுக்காக. பலகையின் பின்புறமும் பசை பூசாவிட்டால் வளையும்.

கேள்வி: அசலைப் பக்கத்தில் எங்கே பார்க்கலாம்? (வாசகர், நாகர்கோவில்)

உங்களுக்கு மிக அருகில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா கலைக்கூடம். அடுத்து பெங்களூரு கர்நாடக சித்ரகலா பரிஷத். இன்னும் போகமுடிந்தால் குலு பள்ளத்தாக்கின் நக்கர். 1947இல் இறக்கும்வரை அவர் வாழ்ந்த வீடு. மைத்ரேயர் படவரிசை ரஷ்யாவில், நீஷ்னி நோவ்கரதில் இருக்கிறது. எங்கே போனாலும், புறப்படுமுன் அந்த இடம் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.