தாங்களே சூடிக்கொண்ட பெயர்

கேள்வி: சீனாவில் இளம்பெண்கள் பலர், இரு ஆண்களுக்கிடையிலான காதல் கதைகளை இணையத்தில் எழுதியும் படித்தும் வருகிறார்கள். தங்களை 'அழுகிய பெண்கள்' என்றே அழைத்துக்கொள்கிறார்கள். அவர்களே ஒப்புக்கொள்ளும் இந்த வக்கிரத்தை அந்நாட்டு அரசு ஒடுக்குவதில் என்ன தவறு?

பதில்: அது ஒப்புதல் வாக்குமூலம் அன்று, சிலேடை. பெண்களைக் குறிக்கும் 'ஃபுஜோஷி' என்ற ஜப்பானியச் சொல்லின் முதல் எழுத்தை நீக்கி, அதே ஒலியுடைய, அழுகலைக் குறிக்கும் எழுத்தை அங்கே வைத்தார்கள். அதுவே சீனத்தில் 'ஃபூநியூ' ஆயிற்று. வசையாக வீசப்படும் சொல்லை எடுத்துத் தாங்களே சூடிக்கொண்ட துணிச்சலை நீங்கள் குற்ற ஒப்புதலாகப் படித்துவிட்டீர்கள்.

'தான்மெய்' எனப்படும் இக்கதைகளைப் பெரும்பாலும் பெண்களே எழுதுகிறார்கள், பெண்களே படிக்கிறார்கள். 2003இல் தொடங்கிய ஜின்ஜியாங் இலக்கியத் தளம் இவற்றின் பெரிய தாய்வீடு. ஆண்-பெண் காதல் கதையென்றால், மணமானபின் வேலையை விடுபவர் யார், புகுந்த வீட்டில் தணிந்து போகவேண்டியவர் யார் என்பதெல்லாம் காதல் அரும்பும் முன்பே முடிவாகியிருக்கின்றன. இருபதுகளின் பிற்பகுதியிலும் மணமாகாத பெண்ணை 'எஞ்சிப்போனவள்' என்று இழித்துரைக்கும் சொல்லை, 2007இல் சீனக் கல்வி அமைச்சகம் புதுச்சொற்களின் பட்டியலிலேயே சேர்த்தது. அத்தகைய சூழலில் வாழும் ஒருத்தி, எவர் எவருக்குப் பணிய வேண்டும் என்று பிறப்பே தீர்மானித்துவிடாத ஒரு காதலைக் கற்பனை செய்ய விரும்பினால், அதை விளங்கிக்கொள்வது அவ்வளவு கடினமா? ஆனால் இதை வெறும் சமூக எதிர்ப்பாகச் சுருக்கி அவர்களுக்குப் புனிதச் சாயம் பூசவும் எனக்கு விருப்பமில்லை. ஆண்களின் அழகை ரசிக்கும் இன்பமும் காமமும் இக்கதைகளில் உண்டு. அவற்றுக்காக அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

தங்கள் உண்மை வாழ்க்கையின் துயரங்கள் இக்கதைகளில் இல்லை என்று தன்பாலீர்ப்பு ஆண்கள் சிலர் குறைப்படுகிறார்கள். அது நியாயமான விமர்சனம். அதற்கு எழுத்தில் விடை தேடலாம், சிறையில் தேட முடியாது.

வக்கிரம் என்கிறீர்கள். 1997ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின் தன்பாலுறவு சீனாவில் குற்றமாக இல்லை. 2001இல் மனநோய்ப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. அப்படியிருந்தும் 2018 அக்டோபரில், தியான்யி என்ற புனைபெயரில் எழுதிய பெண்ணுக்கு, பாலுறவுக் காட்சிகள் நிறைந்த தான்மெய் நாவலைத் தானே அச்சிட்டு விற்றதற்காக, ஆன்ஹுயி மாகாண நீதிமன்றம் ஒன்று பத்தரை ஆண்டுச் சிறை விதித்தது. விற்றவை சுமார் 7,000 பிரதிகள், ஈட்டியது சுமார் 1,50,000 யுவான். பிரதிகளையும் ஆதாயத்தையும் எண்ணித் தண்டனையை உயர்த்தும் அளவுகோல், இணைய எழுத்து பரவுவதற்கு முன்னர், 1998இல் வகுக்கப்பட்டது. பாலியல் வன்முறை செய்தவர்களுக்கே இதைவிடக் குறைந்த தண்டனை கிடைத்திருக்கிறதே என்று சீன மக்கள் பலர் அப்போது வெளிப்படையாகக் கொதித்தார்கள். நீங்கள் கேட்கும் 'என்ன தவறு' என்பதற்கு அவர்களின் அந்தச் சீற்றத்தைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

அந்த வழக்கோடு இது ஓயவில்லை. தைவானிலிருந்து இயங்கும் ஹைதாங் என்ற இணையத் தளத்தில் இத்தகைய கதைகளை எழுதியவர்களை 2025இல் சீனாவின் லான்சோ நகரக் காவல்துறை விசாரணைக்கு அழைத்தது. அவர்களில் பலர் இருபதுகளில் உள்ள பெண்கள்.