அப்பாவின் பிரதி

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் முதல் அச்சகம் போட்ட வில்லியம் காக்ஸ்டனைப் பற்றி உங்கள் உரையில் உருகிப் பேசினீர்கள். தேடிப் படித்தேன், ஏமாற்றம்தான். மனிதர் துணி வியாபாரி. விற்கிற சரக்கை மட்டும் அச்சடித்தவர். பழைய ஆங்கிலக் கவி சாசரின் கேன்டர்பரி கதைகளையே பிழையோடு போட்டிருக்கிறார். வெனிஸில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மாதிரி ஓர் அறிஞர் பக்கத்தில் இவரை வைக்கலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

ஆல்டஸை விடுங்கள். அவர் அச்சகம் தொடங்கியபோது காக்ஸ்டன் உயிரோடு இல்லை. துணி வியாபாரி என்பது உண்மைதான், அதில் என்ன கேவலம்? டிராய் நகரத்துக் கதையை மொழிபெயர்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கையால் எழுதிக் கொடுக்க முடியாமல், கை சோர்ந்து கண் மங்கிப்போய், ஐம்பதை ஒட்டிய வயதில் சொந்தச் செலவில் அச்சுத்தொழில் கற்றுக்கொண்ட மனிதர். ஆங்கிலத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான், 1473-74 வாக்கில். அடித்தது இன்றைய பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் என்பார்கள். 1476-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் மடாலயத்தை ஒட்டிக் கடை போட்டார். மலிவாகக் கிடைக்கும் என்று ஒரு துண்டு விளம்பரமும் அடித்தார், அடியில் லத்தீனில் 'தயவுசெய்து கிழிக்காதீர்கள்' என்று ஒரு வரி. எனக்கு அந்த வரி போதும்.

பிழைக்கு வருவோம். அதைத்தான் நீங்கள் அரைகுறையாகப் படித்திருக்கிறீர்கள், படித்த வேகத்தில் தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். அந்தப் பிழை உலகத்துக்கு எப்படித் தெரியும்? காக்ஸ்டனே சொன்னார். 1483 வாக்கில் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் இருக்கிறது. வாங்கிய ஒருவர் கடைக்கு வந்து, இது பல இடங்களில் சாசர் எழுதியபடி இல்லை என்கிறார். என் கைக்கு வந்த கையெழுத்துப் பிரதியில் இருந்ததை அடித்தேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்கிறார் இவர். வந்தவர் விடவில்லை. என் அப்பாவிடம் சரியான பிரதி இருக்கிறது, அவருக்கு அது உயிர், கொடுக்க மனசு வராது, ஆனாலும் நீங்கள் மறுபடி அச்சடிப்பதானால் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கியும் தந்தார். காக்ஸ்டன் அதை வைத்துத் திருத்தி, மரக்கட்டைப் படங்களும் சேர்த்து, மறுபடி போட்டார். திருத்தம் அவசரத்தில் செய்தது, முழுமையில்லை என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். என் அறியாமையால் சாசரின் புத்தகத்துக்குக் கெடுதல் செய்துவிட்டேன் என்று, தான் விற்கிற சரக்கின் முன்பக்கத்திலேயே எழுதினாரே, எந்த வியாபாரி எழுதுவான்? எந்த அறிஞர்தான் எழுதுவார், சொல்லுங்கள்.

எனக்கு இது ஏன் உறைக்கிறது என்றால், என் முதல் கதைத் தொகுப்பு வந்தபோது ஒரு பெரியவர் இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தார். மஞ்சப்பையில் ஒரு பைண்டு. பத்திரிகையில் வந்த என் கதைகளைக் கிழித்துச் சேர்த்து அவருடைய அப்பா தைத்து வைத்தது. அதில் இருக்கிற ஒரு பத்தி உங்கள் புத்தகத்தில் இல்லையே தம்பி என்றார். நான் முகம் கொடுக்காமல், கம்பாசிட்டர் விட்டிருப்பார் என்றேன். அந்த அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தது நான்தான். அதைச் சொல்லவில்லை. பைண்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை. வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள் என்று அந்தப் பக்கத்தை விரித்து, மடங்காமல் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் பத்தியை எழுதி முடிக்கிறவரை விரலை எடுக்கவில்லை. காபி வேண்டாம், பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார்.

அப்புறம் அந்தத் தொகுப்பு இரண்டு பதிப்பு வந்துவிட்டது. பத்தி இன்னும் உள்ளே போகவில்லை. எழுதிய தாள் எங்கே போனதென்றும் தெரியவில்லை.