நியூட்டைக் கத்திரியால் காப்பாற்ற முடியாது

வணக்கம் சார்,

நாங்கள் நான்கு நண்பர்கள், உடலுக்குள் வளர்ந்து நெஞ்சைப் பிளந்து பிறக்கும் வேற்றுக்கிரக மிருகத்தைப் பற்றிய ஏலியன் படங்கள் என்றால் எல்லோருக்கும் பைத்தியம். மூன்றாம் பாகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் சண்டைதான். எங்களில் ஒருவனுக்கு எடிட்டிங் தெரியும். புளூரேயை வைத்து நமக்காக ஒரு பதிப்பை நாமே வெட்டிக்கொள்வோம் என்றான். எதை வெட்டுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டோம். தொடக்கத்தையே தூக்கிவிட வேண்டும், இரண்டாம் பாகத்தில் தப்பிய சிறுமி நியூட்டும் படைவீரன் ஹிக்ஸும் சாகக்கூடாது என்கிறான் ஒருவன். 1992 தியேட்டர் பதிப்பில் இருப்பதுபோல மிருகம் நாயிலிருந்தே பிறக்க வேண்டும் என்கிறான் இன்னொருவன். நான் வெட்டிய காட்சிகளைத் திரும்பச் சேர்த்த 2003 அசெம்ப்ளி கட் பக்கம், அதாவது மாடு. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? இன்னும் பார்க்காத ஒருவருக்கு எந்தப் பதிப்பைக் காட்டுவது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

நீங்கள் போடுவது ஒரு சண்டை இல்லை, இரண்டு. பிரித்துப் பார்த்தால் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் நியூட் கட்சி. அந்த நண்பரின் கோபம் நியாயமானது. 1986இல் வந்த ஏலியன்ஸில் நாயகி ரிப்ளி எல்லாவற்றையும் பணயம் வைத்து அந்தச் சிறுமியை மீட்கிறாள். அவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போவதோடு படம் முடிகிறது. ஆறு வருடம் கழித்து வந்த அடுத்த படத்தில் டைட்டில் ஓடும்போதே விபத்து நடந்து, சிறுமி மூழ்கிச் சாகிறாள், ஹிக்ஸும் பிணம். காசு கொடுத்துப் போனவனுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா?

ஆனால் அந்தத் தொடக்கத்தை வெட்டிவிட்டு அடுத்த அரை மணி நேரத்தை ஓட்டிப் பாருங்கள். ரிப்ளி, கப்பல் விழுந்த சிறைக் கோளின் டாக்டர் கிளெமன்ஸிடம் காலரா என்று பொய் சொல்லி நியூட்டின் உடலை அறுத்துப் பார்க்கச் சொல்கிறாள். குழந்தையின் நெஞ்சுக்குள் மிருகத்தின் குஞ்சு இருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம், அறுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டிய கொடுமை இன்னொரு பக்கம். ரிப்ளியாக வரும் சிகோர்னி வீவர் இந்தப் படத்தில் நடித்ததிலேயே சிறந்த இடம் அது. அப்புறம் உலையில் போடும் ஈமச்சடங்கு. அவள் உயிரைப் பெரிதாக மதிக்காமல் திரிவதும் கடைசியில் எடுக்கும் முடிவும் இந்தப் பிணங்களிலிருந்துதான் வருகின்றன. மரணத்தை எடுத்தால் படமே மிஞ்சாது. நண்பர் கேட்பது வேறொரு திரைக்கதையை. அதை எழுதலாம், படம்பிடிக்கலாம், ஆனால் இருக்கிற ஃபுட்டேஜிலிருந்து வெட்டி எடுக்க முடியாது. மிருகத்தின் முட்டை கப்பலுக்குள் எப்படி வந்தது என்ற கேள்வியும் இதே ரகம்தான். அந்த ஷாட்டை வெட்டினாலும் கேள்வி போகாது.

இரண்டாவது சண்டைதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் எடிட்டிங் உண்மையிலேயே வேலை செய்ய முடியும்.

படம் எப்படி உருவானது என்று பார்த்தால் ஏன் இப்படிக் கந்தலானது என்று புரியும். முதலில் இயக்க வந்த வின்சென்ட் வார்டின் கதையில் மரத்தாலான ஒரு செயற்கைக் கோள், அதில் துறவிகள். ஸ்டுடியோ அதைக் கைவிட்டது. மடம் போய்ச் சிறை வந்தது, பிரார்த்தனை மட்டும் தங்கிவிட்டது. 1991இல் லண்டன் அருகே பைன்வுட்டில் படப்பிடிப்பு தொடங்கியபோது திரைக்கதை முடிந்திருக்கவில்லை. இயக்குநர் டேவிட் ஃபின்ச்சருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, முதல் படம். பிறகு ரீஷூட், ஏகப்பட்ட வெட்டு. வெளியானது சுமார் 115 நிமிடம். 2003இல் டிவிடிக்காகத் தொகுத்த அசெம்ப்ளி கட் ஏறத்தாழ அரை மணி நேரம் அதிகம். அதில் ஃபின்ச்சர் பங்கெடுக்கவில்லை.

அந்த அரை மணி நேரத்தில் நான் கொடுக்க மறுப்பது கோலிக் என்ற கைதியை. தியேட்டர் பதிப்பில் அந்த மிருகத்தை அணுக்கழிவு அறைக்குள் விரட்டப் பார்க்கிறார்கள், தீ பிடிக்கிறது, பலர் சாகிறார்கள், திட்டம் வீண். மருத்துவ அறையில் கட்டிப்போட்டிருந்த கோலிக் என்ன ஆனான் என்று யாரும் கேட்பதில்லை! அசெம்ப்ளி கட்டில் அவர்கள் அதை உள்ளே அடைத்தே விடுகிறார்கள். அதைத் தெய்வம்போல நினைக்கும் கோலிக், காவலுக்கு நிற்பவனைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்துவிடுகிறான். மதத்தில் ஒதுங்கிய கைதிகளின் கதையில் ஒருவன் அந்த மிருகத்தையே கும்பிடப் போவது எவ்வளவு பொருத்தம். அதைப் போய் வெட்டியிருக்கிறார்கள்.

சரி, நாயா மாடா? இங்கே நான் உங்கள் கட்சி இல்லை. ஈமச்சடங்கில் கைதிகளின் மதத் தலைவன் டில்லன் பேசப் பேச, இன்னொரு பக்கம் மிருகம் பிறப்பதை மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். அசெம்ப்ளி கட்டில் அது செத்துத் தொங்கும் மாட்டிலிருந்து வருகிறது. தியேட்டர் பதிப்பிலோ நாய் உயிரோடு துடிக்கிறது, ஊளையிடுகிறது. அந்த வலிதான் இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. பிறகு நாலு காலில் பாய்ந்து ஓடும் அந்த உருவத்துக்கும் நாய்தான் பொருந்துகிறது.

ஆகவே அசெம்ப்ளி கட்டை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். கிளெமன்ஸ் கரையில் ரிப்ளியைக் கண்டெடுக்கும் தொடக்கம் இருக்கட்டும். அங்கே மாடுகள் வண்டி இழுக்கும் மாடுகளாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஈமச்சடங்கை மட்டும் தியேட்டர் பதிப்பிலிருந்து எடுங்கள், ஆனால் ஷாட் ஷாட்டாக இல்லை, முழுத் துண்டாக. எலியட் கோல்டெந்தாலின் இசை வெட்டுகளைத் தாண்டி ஓடுகிறது. நடுவில் கை வைத்தால் இசை குதிக்கும், படம் தெரியாதவருக்குக்கூடக் காதில் விழும். 5.1 ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் சென்டர் சேனலில் இருப்பதால் அதைத் தனியே எடுத்து வேறு இசை போடலாம் என்பார்கள். செய்யலாம்தான், ஆனால் சத்தங்களும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். உங்கள் எடிட்டருக்குப் பொறுமை இருந்தால் பார்க்கட்டும்.

நாயைப் போட்டால் மாட்டைச் சுற்றி வரும் பேச்சையும், முட்டையிலிருந்து வந்து கருவை வைத்துவிட்டுச் செத்த சிலந்திப் பிராணியை ஒருவன் தூக்கிக் காட்டுவதையும் எடுத்தாக வேண்டும். நாயின் காயத்தைப் பார்த்து அதன் சொந்தக்காரன் புலம்பும் சிறு காட்சியைச் சேர்க்க வேண்டும்.

முடிவில் ரிப்ளி உலைக்குள் விழும்போது தியேட்டர் பதிப்பில் அவளுக்குள் வளர்ந்த மிருகக் குஞ்சு நெஞ்சைப் பிளந்துகொண்டு வருகிறது, அவள் பிடித்துக்கொள்கிறாள். அசெம்ப்ளி கட்டில் கையை விரித்து வெறுமனே விழுகிறாள். எனக்கு இரண்டாவதுதான். முதலாவதில் என் கண் பொம்மையிலேயே நின்றுவிடுகிறது, அவள் முகத்துக்குப் போவதில்லை.

இன்னும் பார்க்காதவருக்கு அசெம்ப்ளி கட்டையே காட்டுங்கள், ஆனால் 2010 புளூரேயில் இருப்பதை. 2003 டிவிடியில் சேர்த்த காட்சிகள் பலவற்றில் வசனமே சரியாகக் கேட்காது. புளூரேக்காக நடிகர்களை அழைத்துத் திரும்ப டப்பிங் செய்தார்கள். நீங்கள் வெட்டுவதும் அதிலிருந்தே இருக்கட்டும். வெட்டியதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், விற்கக் கிளம்ப வேண்டாம்.

முடிந்ததும் எத்தனை நிமிடம் வந்தது என்று எழுதுங்கள். நியூட் கட்சி நண்பர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாரா என்பதையும்.