வாட்ஸ்அப் இருக்கும்போது கையால் வாழ்த்து அட்டை செய்வது வீண் வேலையா?

கேள்வி இது: "சிங்கப்பூரில் இருக்கிறேன். ரப்பர் ஸ்டாம்பும் டிசைன் பேப்பரும் வைத்து வீட்டிலேயே வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக்கொள்ள ஆசை. வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் முடிந்தது, இதற்கு எதற்குக் காசும் நேரமும் என்று வீட்டில் கேட்கிறார்கள். தொடங்கலாமா?"

தொடங்குங்கள். யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் கேட்கிறார்கள் என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் மட்டும் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நீங்கள் சாப்பாட்டு மேசையில் தாளையும் கத்தியையும் பரப்பி வைத்து, அப்போதுதான் கை ஓடத் தொடங்கிய நேரத்தில் கேட்டிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. என் மதினி ஒருமுறை விருந்தாளிகள் முன்னாலேயே, "இதெல்லாம் விற்றால் எவ்வளவு வரும்?" என்று கேட்டார். விற்பதற்கில்லை என்றேன். "அப்புறம் எதுக்கு?" என்றார். அந்த "அப்புறம் எதுக்கு"க்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் கடையநல்லூரிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க்காரர்களும் தென்காசிக்காரர்களும் நிறையப் பேர் இங்கே சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம்தான் இருந்தார்கள். அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, துறைமுகத்தில் வேலை. கூட வேலை பார்த்த மலாய்க்காரர்கள், ஹரி ராயா என்று அவர்கள் சொல்லும் பெருநாளுக்குத் தபாலில் அட்டை அனுப்புவார்கள். அம்மா அவற்றைச் சுவரில் நூல் கட்டி வரிசையாகத் தொங்கவிடுவார். அதையெல்லாம் பார்த்து வளர்ந்ததால் பெருநாள் என்றாலே எனக்கு அட்டையும் சேர்ந்துதான் நினைவுக்கு வரும். ஆனால் வந்த அட்டைகளில் ஒன்றுகூடத் தமிழில் இருந்ததில்லை. இன்றைக்கும் கேலாங் சிராய் பஜாரில் மலாயில் கிடைக்கிறது, ஆங்கிலத்தில் கிடைக்கிறது. தேக்கா பக்கம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தமிழில் ஏதாவது கண்ணில் படும். நோன்புப் பெருநாளுக்குத் தமிழில் ஓர் அட்டை, நான் தேடிய கடைகளில் இல்லை. ஸ்டாம்பும் அதே கதைதான். "ஈத் முபாரக்" ஆங்கிலத்திலும் அரபியிலும் விதவிதமாக இருக்கிறது, தமிழில் இல்லை.

(பெருநாளுக்கு அட்டை கொடுப்பது மார்க்கத்தில் உண்டா இல்லையா என்று யாராவது கீழே வந்து எழுதலாம். நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சொந்தக்காரர்களுக்கு வாழ்த்துச் சொல்கிறேன், அவ்வளவுதான். மனித உருவமோ மிருக உருவமோ நான் பயன்படுத்துவதில்லை. பிறையும் நட்சத்திரமும் கொடியும் பூவும் எனக்குப் போதும்.)

சரி, கடையில் இல்லையென்றால் செய்யச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம் என்று, அலுவலக முத்திரை செய்துகொடுக்கும் ஒரு கடையில் "பெருநாள் வாழ்த்துகள்" என்று ஆர்டர் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். எழுத்தை டைப் செய்து, எப்படி வரவேண்டும் என்று தாளில் எழுதியும் கொடுத்தேன். வந்த ஸ்டாம்பில் "பெ"வின் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. "ரு" என்ற எழுத்தே இல்லை. ரகரம் தனியாக, உகரக் குறி தனியாக நின்றது. தவறு என்று சொன்னால், "கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருது" என்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பார்க்கக்கூட இல்லை. பணமும் திரும்பி வரவில்லை.

ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் மன்னிப்புக் கேட்டு வேறு செய்து கொடுத்திருப்பார்கள். தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆனாலும் அறிவிப்புப் பலகையில், துண்டுப் பிரசுரத்தில், பேனரில் நம் எழுத்து உடைந்து கிடப்பதைப் பார்த்துப் பார்த்து நமக்கே பழகிவிட்டது. இதைச் சொன்னால், சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்பார்கள். தன் பெயரை யாராவது தப்பாக அச்சடித்துக் கொடுத்தால் அவர்களுக்குத் தெரியும் எது சின்ன விஷயம் என்று.

நீங்களும் தமிழில் ஸ்டாம்ப் செய்யக் கொடுப்பதாக இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கணினி எழுத்துகளைப் பதிவு செய்யும் முறையான யூனிகோடில் "பெ" என்பது முதலில் பகரம், அடுத்து கொம்பு என்ற வரிசையில்தான் பதிவாகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவதும், ரகரத்தையும் உகரத்தையும் சேர்த்து ஒரே எழுத்தாக்குவதும் மென்பொருளின் வேலை. டிசைன் செய்யும் சில மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை மாற்றாவிட்டால் அந்த வேலை நடக்காது, எழுத்து உடையும். அதனால் எழுத்தாக அனுப்பவே அனுப்பாதீர்கள். உங்கள் கணினியில் சரியாக வருவதைக் கறுப்பு வெள்ளைப் படமாக, பெரிய அளவில் சேமித்து, "இந்தப் படத்தை அப்படியே வெட்டுங்கள், எதையும் டைப் செய்ய வேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள்.

நான் மறுபடி அந்தக் கடைக்குப் போகவில்லை. நானே வெட்டக் கற்றுக்கொண்டேன். ஓவியப் பொருள் கடைகளில் வெட்டுவதற்கென்றே மெத்தென்ற ரப்பர் பலகை கிடைக்கும், பெரிய அழிரப்பர் என்றாலும் போதும். கூடவே லினோ வெட்டும் சிறு உளி. எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுத வேண்டுமே என்று பயப்படத் தேவையில்லை. டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் நேராகவே எழுதுங்கள். தாளைக் கவிழ்த்து ரப்பர்மேல் வைத்து நகத்தால் தேய்த்தால், பென்சில் கோடு தானாகவே கண்ணாடி பிம்பமாக ரப்பரில் இறங்கிவிடும். எழுத்தின் உயரம் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். ழகரத்தின் சுழியை வெட்டும்போது உளியைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்புங்கள், வளைவு பிசிறில்லாமல் வரும். புள்ளியை மட்டும் நான் வெட்டுவதே இல்லை. அவ்வளவு சிறிய மேடு கொஞ்சம் அழுத்தினாலே பிய்ந்துவிடும். "பெருநாள் வாழ்த்துகள்" அச்சாகி மை காய்ந்தபின் நான்கு புள்ளிகளையும் பேனாவால் வைப்பேன். அட்டையைத் தொட்டுப் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது அந்தப் புள்ளிகளைத்தான்.

நட்சத்திரம் இதைவிடச் சுலபம். ஒரு சதுரத்தின் கோட்டை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். ஒருமுறை அச்சிட்டு, ஸ்டாம்பை 45 பாகை திருப்பி அதே மையத்தில் மறுபடி அச்சிட்டால் எட்டுமுனை நட்சத்திரம் வந்துவிடும். பள்ளிவாசல் ஓடுகளிலும் மரச் சட்டங்களிலும் நாம் பார்க்கும் அதே வடிவம். அதைத் தங்க நிறத்தில் எழுப்பி எடுத்தால் கடை அட்டை பக்கத்தில் நிற்காது.

எழுப்புவது என்றால் எம்பாசிங். இதற்கு மெதுவாகக் காயும் பிக்மென்ட் மை வேண்டும். அச்சிட்ட ஈரத்திலேயே எம்பாசிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிக் கொட்டிவிட்டு, ஹீட் கன் பிடித்தால் பவுடர் உருகிப் பளபளவென்று மேடாக நிற்கும். முடி காயவைக்கும் கருவி உதவாது. அது காற்றைத்தான் அடிக்கும், உருக்கும் சூடு இருக்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னொரு தொல்லை: பவுடர் வேண்டாத இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். விரல் பட்ட இடம், வியர்வை பட்ட இடம் எல்லாம் தங்கத் துகள். குளிர்சாதனம் ஓடும் அறையில், கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். எம்பாசிங் வேண்டாம் என்றால் டை மை (சாய மை) வாங்குங்கள், சீக்கிரம் காயும். ஆனால் வெயில் படும் இடத்தில் வைத்தால் நாளடைவில் மங்கும். வழவழப்பான தாளில் பிக்மென்ட் மையைச் சூடு காட்டாமல் விட்டால் மறுநாள் தொட்டாலும் விரலில் வரும்.

அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள ஏ4 தாள் எடுங்கள். குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு ஏ5. ஒவ்வொன்றையும் மடித்தால் ஏ6 அளவில் அட்டை. சி6 உறையில் சரியாக நுழையும். மடிப்பதற்குமுன் தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்த வளைவின் முதுகு நீளும் திசைதான் நார் ஓடும் திசை, மடிப்புக் கோடும் அதன் வழியே வரவேண்டும். எதிர்த் திசையில் மடித்தால் முதுகு வெடித்து வெள்ளை தெரியும். டிசைன் பேப்பர் 12 அங்குலச் சதுரமாக வரும். ஆசைப்பட்டு அட்டைக்கு நான்கு டிசைன் ஒட்டாதீர்கள். பெரிய பூ ஒன்று, பொடிக் கட்டமோ கோடோ ஒன்று, நடுவே வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் ஸ்டாம்ப் பேசும். ஒட்டுவதற்கு இருபக்க டேப் போதும்; தண்ணீர்ப் பசை போட்டால் தாள் நெளிந்துவிடும். ரிப்பனும் லேஸும் அராப் ஸ்ட்ரீட் துணிக் கடைகளில் மீட்டர் கணக்கில் வாங்குவேன்.

நேரத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளவே முடியவில்லை, சொல்லிவிடுகிறேன். விடிய விடியக் கால்பந்து பார்க்கும் ஆண்களிடம் யாரும் "இதனால் என்ன லாபம்" என்று கேட்பதில்லை. நான் மேசையில் உட்கார்ந்தால் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் டீ வேண்டும். நோன்பு மாதத்தில் மூன்று மணிக்கு எழுந்து சஹருக்குச் சமைத்து, அலுவலகம் போய் வந்து, நோன்பு திறக்கக் கஞ்சியும் வடையும் செய்து, தராவீஹ் தொழுதுவிட்டு, கிடைக்கிற அரை மணியில் நான் என்ன செய்தாலும் அது என்னுடைய அரை மணி. குடும்பக் குழுவில் ஒரே பிறைப் படத்தை இருபது பேர் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அதில் ஒருவர் கேட்டதில்லை. சரி, அது வேறு விஷயம்.

பலன் உண்டா என்றால், எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். அத்தாவின் அக்கா, எங்கள் பெரிய மாமி, தோ பாயோவில் இருந்தார். தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். பேரப்பிள்ளைகள் பாசமாக ஆங்கிலத்தில் அட்டை கொடுப்பார்கள். யாராவது படித்துச் சொல்லும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பார். நானே வெட்டிய எழுத்தில் செய்த முதல் பெருநாள் அட்டையை அவருக்குத்தான் தபாலில் அனுப்பினேன். உள்ளே, அத்தா எப்போதும் மாமியைப் பற்றிச் சொல்லும் இரண்டு வரிகளை என் கையால் எழுதியிருந்தேன். அட்டை கிடைத்த அன்றே போன் வந்தது. முழுவதையும் அவரே எனக்குப் படித்துக் காட்டினார். பிறகு, "ஏம்மா, இதை எந்தக் கடையில வாங்கினே? எனக்கும் பத்து வாங்கிக் கொடு, நான் காசு தாரேன்" என்றார். கடையில் வாங்கியதில்லை, நான் செய்தது என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ பத்தும் நீயே செஞ்சு கொடு" என்றார். செய்து கொடுத்தேன். தன் வயதுத் தோழிகளுக்கு, ஒவ்வொரு பெயரையும் தானே எழுதி அனுப்பினார். என் மதினிக்கும் ஒன்று போயிற்று.

இதை லாபக் கணக்கில் எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளட்டும். வாட்ஸ்அப் அனுப்புகிறவர்களுக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் தூரத்துச் சொந்தங்களுக்கு அதில்தான் அனுப்புகிறேன். ஆனால் மாமி போன்றவர்கள் உங்கள் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள். யார் என்று யோசித்துவிட்டு, அவருக்காகவே முதல் அட்டையைச் செய்யுங்கள்.

செலவைக் கட்டுப்படுத்த ஒரே வழி, ஆரம்பத்தில் குறைவாக வாங்குவது. கறுப்பு மை ஒன்று, வெட்டும் ரப்பர், உளி, கெட்டித் தாள், டிசைன் பேப்பர் ஒரு கட்டு, இருபக்க டேப். இவ்வளவும் பிராஸ் பாசா காம்ப்ளக்ஸில் ஒரு சுற்று வந்தால் கிடைத்துவிடும். வெட்டும் இயந்திரம், ஐம்பது நிற மை, ஹீட் கன் எல்லாம் கை பழகியபின் பார்த்துக்கொள்ளலாம். ஒளி ஊடுருவும் பாலிமர் ஸ்டாம்ப் வாங்கினால் ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள், வெயிலில் மஞ்சளாகிக் கெட்டியாகிவிடும். மிச்சத் தாளை ஜிப் பையில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள்.

தபால் செலவையும் கணக்கில் வையுங்கள். 2023 அக்டோபரில் உள்ளூர்க் கடிதத்துக்கு 31 காசாக இருந்தது ஒரே தாவலில் 51 காசானது. அட்டை தடித்துப் புடைத்திருந்தால் கட்டணம் இன்னும் கூடும். அதனால் பொத்தான், மணி, ஃபோம் டேப் வைத்த அட்டைகளை நேரில் கொடுப்பவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தபாலில் போவது தட்டையாக இருக்கட்டும். எந்தப் பண்டிகையானாலும் ஒரு மாதம் முன்பே தொடங்கி, ஊருக்கு அனுப்ப வேண்டியதை முதலில் முடித்துவிடுங்கள். பெருநாள் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னால் வந்துவிடும், போன வருடத் தேதியை நம்பி இருக்க முடியாது. ஸ்டாம்பில் வருடத்தை வெட்டாமல் விட்டால் அதே எழுத்து அடுத்த வருடமும் உதவும்.